எந்த போஸ்? ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்களைப் பிரித்தறிவது எப்படி

கேள்வி இது: ஜகதீஷ் சந்திர போஸ், சத்யேந்திரநாத் போஸ், சுபாஷ் சந்திர போஸ், ராஷ் பிஹாரி போஸ், குதிராம் போஸ், ஸ்பீக்கர் நிறுவனம் தொடங்கிய அமர் போஸ் ஆகியோர் எல்லாரும் ஒரே குடும்பமா? இல்லையென்றால் யாருக்கு யார் உறவு? ஒரு நூலில் வெறுமனே 'போஸ்' என்று வந்தால் அது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சுருக்கமாகச் சொன்னால், இந்த ஆறு பேரும் ஆறு வெவ்வேறு குடும்பங்கள். புகழ்பெற்ற போஸ்களில் உண்மையாகவே உறவினர்களாக இருப்பவர்கள் நான்கு குடும்பக் கொத்துகளுக்குள் அடங்கிவிடுவார்கள். மற்றவர்களை இணைப்பது பெயர் மட்டுமே. 'போஸ்' என்ற பெயர் ஒருவரின் பூர்விகம் வங்காளம் என்று ஓரளவு காட்டும், சமூகத்தைப் பற்றி ஓர் ஊகம் தரும். அதற்கு மேல் அதை நம்பி எதையும் எழுதக்கூடாது. தந்தை பெயர், பூர்விக கிராமம், பணியாற்றிய ஊர், ஆண்டு ஆகியவைதான் ஆளை அடையாளம் காட்டும்.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். வங்க மொழியில் இது 'பொசு' என்ற ஒலியில் வரும். சமஸ்கிருத 'வசு'தான் மூலம். வங்க மொழியில் வகரமும் பகரமும் ஒரே எழுத்தாகிவிட்டதால் இந்த மாற்றம். ஆங்கில ஆட்சிக் காலத்தில் சிலர் இதை போஸ் என்றும், சிலர் பாசு என்றும் எழுதிக்கொண்டார்கள். ஆகவே சுபாஷ் போஸும் ஜோதி பாசுவும் வங்க மொழியில் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள். கோஷ், மித்ரா, குஹா ஆகியவற்றோடு இதுவும் வங்கத்துக் குலீன காயஸ்தர்களின் (காயஸ்தச் சாதியில் உயர்குலமாகக் கருதப்பட்டவர்களின்) பெயர். வட இந்தியாவின் கன்னோஜ் நகரிலிருந்து வந்த தசரத பாசு என்பவரே எல்லா பாசுக்களுக்கும் மூதாதை என்பது அவர்களின் குலமரபுக் கதை. சுபாஷ் 1937இல் எழுதிய தன்வரலாற்றிலும் இந்த மரபு வருகிறது. தசரதருக்குக் கிருஷ்ணர், பரமர் என்று இரு மகன்கள், பரமர் கிழக்கு வங்கம் போனார், கிருஷ்ணர் மேற்கில் தங்கினார், கிருஷ்ணரின் வழியில் வந்த முக்தி போஸ் கல்கத்தாவுக்குத் தெற்கே மஹிநகரில் குடியேறினார், அதனால் தங்கள் குடும்பம் 'மஹிநகர் போஸ்கள்' என்று அதில் குறிப்பிடுகிறார். இந்த மரபைப் பிடித்துக்கொண்டு எல்லா போஸ்களையும் பங்காளிகள் என்று சொல்லிவிட முடியாது. அத்தனை தலைமுறைகளுக்கு முன் பிரிந்த கிளைகளை இன்று உறவு என்று யாரும் கொண்டாடுவதில்லை.

தமிழ் வாசகர்கள் அதிகம் இடறுவது இனிஷியலில். நமக்கு முன்னெழுத்து என்றால் தந்தை பெயர், சில வேளை ஊர்ப் பெயர். வங்கப் பெயரில் முன்னெழுத்துகள் இரண்டும் அவரவர் சொந்தப் பெயரின் துண்டுகள். எஸ். என். போஸ் என்பதில் 'எஸ்' சத்யேந்திர, 'என்' நாத். ஜே. சி. போஸில் 'சி' சந்திர. அது தந்தை பெயர் இல்லை, தந்தை பகவான் சந்திர போஸ். 'சந்திர', 'நாத்', 'மோகன்', 'குமார்' ஆகியவை பல்லாயிரம் வங்கப் பெயர்களில் வரும் இரண்டாம் பாகங்கள் என்பதால் எஸ். சி. போஸ் என்ற சுருக்கம் மிக ஆபத்தானது. சுபாஷ் சந்திர போஸும் எஸ். சி. போஸ்தான், அவருடைய அண்ணன் சரத் சந்திர போஸும் எஸ். சி. போஸ்தான். இருவரும் காங்கிரஸ் தலைவர்கள், இருவரும் சிறை சென்றவர்கள், ஒரே காலத்தவர்கள். 1930களின் ஆவணம் ஒன்றில் இந்தச் சுருக்கம் வந்தால் உள்ளடக்கத்தைப் பார்க்காமல் நேதாஜி என்று எழுதிவிடக்கூடாது. சட்ட வாதமும் வங்கச் சட்டமன்றமும் பேசப்பட்டால் பாரிஸ்டரான சரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கொல்கத்தாவில் 'ஏ. ஜே. சி. போஸ் சாலை' என்று ஒரு பெரிய சாலை இருக்கிறது. அந்த 'ஏ' முன்னெழுத்தே இல்லை, 'ஆச்சார்ய' என்ற மரியாதைச் சொல். ஏ. ஜே. சி. போஸ் என்று தனியாக ஒருவர் இல்லை.

குழப்பம் மிகுதியாக நடப்பது அறிவியலாளர்களிடத்தில். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜகதீஷ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30 அன்று பிறந்தவர், 1937 நவம்பர் 23 அன்று மறைந்தவர். குடும்பத்தின் பூர்விகம் டாக்காவுக்கு அருகே விக்ரம்பூர்ப் பகுதியிலுள்ள ராரிகால். 1885 முதல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். அவருடைய வேலை இரண்டு கட்டமாகப் பிரியும். 1890களில் மிகக் குறுகிய வானொலி அலைகளை, சுமார் 5 மில்லிமீட்டர் அலைநீளம் வரை, உண்டாக்கி ஆராய்ந்தார். 1895இல் கல்கத்தாவில் பொதுமக்கள் முன் செய்து காட்டினார். கலீனா என்ற ஈயக் கனிமப் படிகத்தைக் கொண்டு அலையை உணரும் கருவிக்கு 1904 மார்ச்சில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1900க்குப் பின் அவர் கவனம் தாவரங்களின் துலங்கல்கள் பக்கம் திரும்பியது. தாவர வளர்ச்சியைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் இந்தக் கட்டத்தில் வந்தது. 1917இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

சத்யேந்திரநாத் போஸ் 1894 ஜனவரி 1 முதல் 1974 பிப்ரவரி 4 வரை வாழ்ந்தவர். தந்தை சுரேந்திரநாத், பூர்விகம் நதியா மாவட்டத்துப் பராஜாகுலியா. பிரசிடென்சி கல்லூரியில் இவர் படித்தபோது ஜகதீஷ் சந்திர போஸ் அங்கே ஆசிரியர். ஆகவே இருவருக்கும் உள்ள தொடர்பு ஆசிரியர், மாணவர் என்பதே. இரத்த உறவு கிடையாது. 1921இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கிருந்து 1924 ஜூனில், வெப்பக் கதிர்வீச்சு பற்றிய பிளாங்க் விதியை ஒளித்துகள் கருத்தை மட்டும் கொண்டு வருவிக்கும் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தாமே ஜெர்மனில் பெயர்த்து வெளியிட வைத்தார். போஸ்–ஐன்ஸ்டைன் புள்ளியியல் பிறந்தது இப்படித்தான். அந்தப் புள்ளியியலுக்குக் கட்டுப்படும் துகள்களுக்கு 'போசான்' என்று பெயர் வைத்தவர் இயற்பியலாளர் பால் டிராக்.

2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகம் ஹிக்ஸ் போசான் பற்றி அறிவித்தபோது 'போசான்' என்ற சொல் வீடு வீடாகப் போனது. அப்போதிலிருந்து ஒரு பிழையும் கூடவே சுற்றுகிறது: போசானுக்குப் பெயர் கொடுத்தவர் ஜே. சி. போஸ் என்பது. இது தவறு. பெயர் எஸ். என். போஸுடையது. ஹிக்ஸ் துகளை அவர் முன்கூட்டியே கணித்தார் என்பதும் தவறு. அது எந்த வகைத் துகள் என்பதைக் குறிக்கும் வகைப்பெயர் மட்டுமே அவரிடமிருந்து வந்தது. மிகக் குளிர்ந்த அணுக்கள் எல்லாம் ஒரே குவாண்டம் நிலைக்கு இறங்கும் போஸ்–ஐன்ஸ்டைன் ஒடுக்கமும் இவர் பெயரில் உள்ளதுதான். 1995இல் ருபிடியம் அணுக்களைச் சுமார் 170 நானோகெல்வினுக்குக் குளிர்வித்து அதை உண்டாக்கிய எரிக் கார்னெல், கார்ல் வீமன் இருவரும், சோடியத்தில் செய்த வொல்ஃப்காங் கெட்டர்லியும் 2001இல் நோபல் பரிசு பெற்றனர். இரண்டு போஸ்களுமே நோபல் பெறவில்லை. 'நோபல் பெற்ற போஸ்' என்று எங்காவது வந்தால் அந்த வரியை அப்படியே அடித்துவிடலாம்.

நிறுவனங்களின் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. போஸ் ஆய்வு நிறுவனம் (1917) ஜகதீஷ் சந்திரருடையது. எஸ். என். போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையம் (1986) சத்யேந்திரநாத்தின் நினைவாக வைத்தது. இரண்டும் கொல்கத்தாவில்தான் இருக்கின்றன, அதனால் கட்டுரைகளில் எளிதில் இடம் மாறிவிடுகின்றன. ஹவுராவில் உள்ள தாவரவியல் பூங்கா 1787இல் உருவானது. அதற்கு ஜகதீஷ் சந்திரரின் பெயர் 2009இல் சூட்டப்பட்டது. அவர் தாவரங்களை ஆராய்ந்தவர் என்பதால் பூங்காவை நிறுவியவரும் அவரே என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் பிறப்பதற்கு 71 ஆண்டுகள் முன்பே பூங்கா இருந்தது.

இவர்கள் இருவருக்கும் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்காத மூன்றாவது அறிவியலாளர் ராஜ் சந்திர போஸ். கணிதம் படிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவர். 1901இல் ஹோஷங்காபாதில் பிறந்து ரோத்தக்கில் வளர்ந்து, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி, 1949இல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகம் சென்றவர். ஒவ்வொரு குறியும் ஒவ்வொரு வரிசையிலும் நெடுவரிசையிலும் ஒருமுறை மட்டுமே வரும் சதுரக் கட்டம் லத்தீன் சதுரம். இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எந்தக் குறி இணையும் இருமுறை வராவிட்டால் அவை ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. 1782இல் கணிதவியலாளர் ஆய்லர் ஒரு கணிப்பு வைத்தார்: 2, 6, 10, 14 என்று நான்கால் வகுத்தால் மீதி 2 வரும் அளவுகளில் ஒன்றுக்கொன்று செங்குத்தான லத்தீன் சதுர இணை கிடையாது என்று. 6க்கு அது சரி என்பதை 1901இல் காஸ்தோன் தாரி நிறுவினார். மற்றவை திறந்தே கிடந்தன. 1959இல் ராஜ் சந்திர போஸும் எஸ். எஸ். ஷ்ரிகாண்டேயும் 22க்கு அத்தகைய இணையை அமைத்துக் காட்ட, ஈ. டி. பார்க்கர் 10க்குக் காட்டினார். மூவரும் சேர்ந்து 2, 6 தவிர மற்ற எல்லா அளவுக்கும் கணிப்பு பொய் என்று நிறுவினார்கள். அடுத்த ஆண்டே டி. கே. ரே-சௌதுரியுடன் இணைந்து பிழை திருத்தும் குறியீடுகளின் ஒரு பெரும் குடும்பத்தை வெளியிட்டார். பிரெஞ்சுக்காரர் ஹாக்கன்கெம் 1959இல் தனியாகவே கண்டிருந்ததால், போஸ், ரே-சௌதுரி, ஹாக்கன்கெம் மூவரின் முதலெழுத்தையும் சேர்த்து பி.சி.எச். குறியீடு என்கிறோம். அதில் உள்ள 'பி' இவர்தான். க்யூஆர் கட்டத்தின் மூலையில் வடிவத் தகவலைச் சொல்லும் 15 பிட்டுகளில் 5 மட்டுமே தகவல், மீதி 10 பிட்டும் பி.சி.எச். பாதுகாப்பு. கட்டம் கொஞ்சம் கிழிந்தாலும் கறைபட்டாலும் போன் அதைப் படித்துவிடுவதில் இந்த போஸின் கணிதத்துக்கும் பங்கு உண்டு.

அமர் கோபால் போஸை இவர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1929இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். தந்தை நொனி கோபால் போஸ் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்ததற்காக நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா போனவர். அமர் 1956இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று 2001 வரை அங்கேயே ஆசிரியராக இருந்தார். 1964இல் நிறுவனம் தொடங்கினார், 1968இல் 901 ஸ்பீக்கர் வந்தது. 2011இல் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை, வாக்குரிமை இல்லாத பங்குகளாக, எம்.ஐ.டி.க்கே கொடுத்துவிட்டார். 2013இல் மறைந்தார். ஸ்பீக்கரில் உள்ள பெயர் வானொலி அலை ஆராய்ந்த ஜகதீஷ் சந்திரரின் நினைவாக வைத்தது என்று சிலர் ஊகிக்கிறார்கள். அது நிறுவனரின் சொந்தக் குடும்பப் பெயர், அவ்வளவுதான்.

விடுதலைப் போராட்டத்துக்கு வருவோம். இங்கே மூன்று போஸ்களைக் காலத்தால் பிரித்துவிடலாம். குதிராம் மேதினிப்பூர்க்காரர், தந்தை திரைலோக்கியநாத். 1908 ஏப்ரல் 30 அன்று பிரபுல்ல சாகியுடன் சேர்ந்து முசாபர்பூரில் நீதிபதி கிங்ஸ்போர்டைக் குறிவைத்துக் குண்டு வீசினார். வண்டியில் இருந்தது வேறு இரு ஆங்கிலேயப் பெண்கள். 1908 ஆகஸ்ட் 11 அன்று தூக்கிலிடப்பட்டபோது வயது 18 முடிந்து எட்டு மாதம். ராஷ் பிஹாரி அடுத்த கட்டம். 1912 டிசம்பர் 23 அன்று டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது நடந்த குண்டுவீச்சுக்குத் திட்டமிட்டவர், 1915இல் ராணுவ எழுச்சித் திட்டம் தோற்றதும் ஜப்பான் போனவர். அங்கே நாகமுராயா ரொட்டிக்கடைக் குடும்பம் அடைக்கலம் தந்தது. அந்த வீட்டு மகள் தோஷிகோவை 1918இல் மணந்தார், 1923இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார், 1945 ஜனவரியில் தோக்கியோவில் மறைந்தார். சுபாஷ் 1897 ஜனவரி 23 அன்று கட்டக்கில் பிறந்தவர், தந்தை ஜானகிநாத், பூர்விகம் கோதாலியா.

ராஷ் பிஹாரியும் சுபாஷும் ஒரே மேடையில் நின்றதால் இருவரும் மாமன் மருமகன் என்றோ பங்காளிகள் என்றோ நினைப்பவர்கள் பலர். இருவருக்கும் உறவு இல்லை. இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு கேள்வி, இந்திய தேசிய ராணுவத்தைத் தொடங்கியது யார் என்பது. வரிசை இப்படி: 1942இல் போர்க்கைதிகளைக் கொண்டு அதை முதலில் அமைத்தவர் கேப்டன் மோகன் சிங். ஜப்பானியரோடு ஏற்பட்ட மோதலில் அது அந்த ஆண்டு டிசம்பரிலேயே கலைந்தது. இந்திய சுதந்திர லீகின் தலைவராக இருந்து அமைப்பைச் சிதறவிடாமல் வைத்திருந்தவர் ராஷ் பிஹாரி. 1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூரில் அவர் தலைமையைச் சுபாஷிடம் ஒப்படைத்தார். ஆசாத் ஹிந்த் அரசு அறிவிக்கப்பட்டது 1943 அக்டோபர் 21. மலாயாத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்ததும், சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றதும் இந்த இரண்டாம் கட்டத்தில்தான். ஆகவே 'நிறுவியவர் போஸ்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் மோகன் சிங்குக்கும் ராஷ் பிஹாரிக்கும் அநீதி.

பெயர் முழுமையாகவே ஒன்றாக இருக்கும் இடம் ஒன்று உண்டு, அதில் எவரும் தடுமாறலாம். சத்யேந்திரநாத் போஸ் என்ற பெயரில் ஒரு புரட்சியாளரும் இருந்தார். மேதினிப்பூரில் குதிராமை இயக்கத்துக்குக் கொண்டுவந்தவர். அலிப்பூர் சிறையில், அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய நரேந்திரநாத் கோஸ்வாமியைக் கன்னையாலால் தத்தாவுடன் சேர்ந்து சுட்டதற்காக 1908 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். இயற்பியலாளர் சத்யேந்திரநாத்துக்கு அப்போது வயது 14. தேடினால் இரண்டும் கலந்தே வரும். 1908, அலிப்பூர், கன்னையாலால் என்று வந்தால் புரட்சியாளர், டாக்கா, ஐன்ஸ்டைன் என்று வந்தால் அறிவியலாளர். புரட்சியாளரைச் சத்யேந்திரநாத் பாசு என்று எழுதுவது குழப்பத்தைக் குறைக்கும்.

இந்தப் புரட்சியாளரின் குடும்பம் நான் சொன்ன நான்கு கொத்துகளில் ஒன்று. அவர் பெரியப்பா ராஜ்நாராயண் பாசு (1826–1899), போரால் கிராமத்தவர், வங்க மறுமலர்ச்சியின் முக்கிய எழுத்தாளர். ராஜ்நாராயணின் மகள் சுவர்ணலதாவின் மகன்கள்தான் அரவிந்தரும் பாரீந்திர கோஷும். ஆக, தூக்கிலேறிய சத்யேந்திரநாத், புதுச்சேரி அரவிந்தருக்கு மாமா முறை. அலிப்பூர் குண்டு வழக்கில் ஒரே குடும்பத்தின் இரு தலைமுறை நின்றது, ஆனால் ஒரு பக்கம் பாசு, மறுபக்கம் கோஷ் என்று இருப்பதால் பெயரை மட்டும் பார்த்தால் தெரியாது. குடும்பப் பெயர் ஒன்றாக இருந்து உறவில்லாமல் போவது ஒரு வகைப் பிழையைத் தரும். உறவிருந்தும் பெயர் வேறாக இருப்பதை நாம் கவனிக்காமலே விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது கொத்துதான் இவற்றில் மிகச் செழிப்பானது. மைமன்சிங் பகுதியின் ஜெயசித்தி கிராமத்தில் ஹரமோகன், ஆனந்த மோகன், மோகினி மோகன் என்ற சகோதரர்கள். ஆனந்த மோகன் போஸ் (1847–1906) 1874இல் கேம்பிரிட்ஜில் ராங்ளர் (கணிதத் தேர்வில் முதல் வகுப்பில் தேறியவர்) ஆன முதல் இந்தியர், இரண்டாண்டு கழித்து இந்தியச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். அவர் மணந்தது ஜகதீஷ் சந்திர போஸின் சகோதரியை. மோகினி மோகன் மணந்ததும் ஜகதீஷின் இன்னொரு சகோதரியைத்தான். இரண்டு குடும்பமும் போஸ், இரண்டும் பிரம்ம சமாஜம் என்ற சமயச் சீர்திருத்த இயக்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள். மோகினி மோகனின் மகன் தேவேந்திர மோகன் போஸ் (1885–1975). ஆகவே இயற்பியலாளர் டி. எம். போஸுக்கு ஆனந்த மோகன் தந்தையின் சகோதரர், ஜகதீஷ் சந்திரர் தாய்மாமன். மாமா மறைந்தபின் போஸ் ஆய்வு நிறுவனத்தை 1967 வரை நடத்தியவர் இவரே. பிபா சௌதுரியுடன் சேர்ந்து ஒளிப்படத் தகடுகளில் அண்டக்கதிர்த் துகள்களின் தடங்களை ஆராய்ந்தவர். மூத்தவர் ஹரமோகனின் மகன் ஹேமேந்திர மோகன், எச். போஸ் என்ற பெயரில் 'குந்தலீன்' கூந்தல் தைலமும் இசைத்தட்டும் விற்ற தொழிலதிபர். தைலத்தை விளம்பரம் செய்ய அவர் சிறுகதைப் போட்டி வைத்தார். 1896இல் அதில் பரிசு பெற்ற கதையை எழுதியவர் ஜகதீஷ் சந்திர போஸ். புயலில் கொந்தளிக்கும் கடலைத் தைலம் அடக்கும் கதை அது, வங்க அறிவியல் புனைவின் தொடக்கங்களில் ஒன்றாகக் கொண்டாடப்படுவது. எச். போஸின் மகன் திரைப்பட இயக்குநர் நிதின் போஸ். 1935இல் பின்னணிப் பாடலை இந்தியத் திரைக்குக் கொண்டுவந்தவர், 1977ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது பெற்றவர். நிதின் பணியாற்றிய நியூ தியேட்டர்ஸ் பட நிறுவனத்திலேயே படமெடுத்த தேவகி போஸ் இந்தக் குடும்பத்தவர் இல்லை. அவர் பர்த்வான் மாவட்டத்தவர்.

மூன்றாவது கொத்து சுபாஷுடையது, இது எல்லாருக்கும் ஓரளவு தெரியும். அண்ணன் சரத், சரத்தின் மகன் சிசிர் குமார். 1941 ஜனவரியில் வீட்டுக்காவலிலிருந்து சுபாஷ் தப்பியபோது காரை ஓட்டியவர் அந்தச் சிசிர்தான், பின்னாளில் குழந்தை மருத்துவர். சிசிரின் மனைவி கிருஷ்ணா போஸ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், மகன் சுகத போஸ் ஹார்வர்ட் வரலாற்றாசிரியர். சுபாஷின் மகள் அனிதா போஸ் பாஃப்.

நான்காவது கொத்தில் எழுத்துக்கூட்டலே வலை விரிக்கிறது. உளப்பகுப்பாய்வை இந்தியாவுக்குக் கொண்டுவந்து 1922இல் அதற்கான சங்கத்தை நிறுவி, ஃபிராய்டுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர் கிரீந்திரசேகர் போஸ். 'பரசுராம்' என்ற புனைபெயரில் வங்க நகைச்சுவைக் கதைகள் எழுதிய, அகராதியும் தொகுத்த வேதியியலாளர் ராஜசேகர் பாசு. ஒருவர் போஸ், ஒருவர் பாசு, ஆனால் உடன்பிறந்த சகோதரர்கள். தந்தை சந்திரசேகர் தர்பங்கா சமஸ்தானத்தில் உயர் அலுவலர். இதே சமஸ்தானத்தில்தான் ஓவியர் நந்தலால் போஸின் தந்தை பூர்ணசந்திரரும் வேலை பார்த்தார். பெயரும் ஒன்று, வேலை செய்த சமஸ்தானமும் ஒன்று, குடும்பம் வேறு. தந்தை பெயர் வரை போய்ப் பார்க்க வேண்டியதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

நந்தலால் (1882–1966) அரசியலமைப்பின் கையெழுத்துப் பிரதிக்குத் தம் மாணவர்களுடன் ஓவியம் தீட்டியவர். 1938 ஹரிபுரா காங்கிரசுக்குச் சுவரொட்டிகள் வரைந்தவரும் அவரே. அந்த மாநாட்டின் தலைவர் சுபாஷ் போஸ். 1954இல் பத்ம விபூஷண் முதன்முதலாக வழங்கப்பட்டபோது பெற்ற ஆறு பேரில் இருவர் போஸ்: சத்யேந்திரநாத்தும் நந்தலாலும். தேதிகளும் கைவிடும். நவம்பர் 30 ஜகதீஷ் சந்திரரின் பிறந்தநாள், கவிஞர் புத்ததேவ் பாசுவின் பிறந்தநாளும் அதுவே. டிசம்பர் 3 நந்தலாலுக்கும் குதிராமுக்கும் பொது. நாளை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காங்கிரஸ் தலைவர்கள் பட்டியலில் போஸ் என்றால் நேதாஜி ஒருவர்தான் என்று எண்ண வேண்டாம். 1898இல் சென்னையில் கூடிய மாநாட்டுக்கு ஆனந்த மோகன் போஸ், 1914இல் அதே சென்னையில் பூபேந்திரநாத் பாசு. 1938 ஹரிபுரா, 1939 திரிபுரி இரண்டும் சுபாஷ். 'சென்னை காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய போஸ்' என்றால் அது சுபாஷ் அல்லர்.

பெண்கள் விஷயத்தில் திருமணம் பெயரை மறைத்துவிடும். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1883இல் பட்டம் பெற்ற முதல் இரு பெண்கள் காதம்பினியும் சந்திரமுகியும். சந்திரமுகியை எல்லாரும் சந்திரமுகி பாசு என்றே அறிவார்கள். காதம்பினி கங்குலி என்று நாம் அறியும் மருத்துவரும் பிறப்பால் பாசு. துவாரகாநாத் கங்குலியை மணந்தபின் வந்தது இன்றைய பெயர். அந்த இரு முதல் பட்டதாரிகளும் பிறப்பால் ஒரே குடும்பப் பெயர், குடும்பம் வேறு. மறுபக்கம் அபலா போஸ். பிறப்பால் தாஸ், ஜகதீஷ் சந்திரரை மணந்ததால் போஸ். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்காத காலத்தில், 1882இல், மருத்துவம் படிக்கச் சென்னை வந்தவர் இவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலவில்லை. பின்னாளில் பெண்கல்விக்காக நாரீ சிக்ஷா சமிதியை நிறுவினார். பெண்களைத் தேடும்போது பிறந்த வீட்டுப் பெயர், புகுந்த வீட்டுப் பெயர் இரண்டிலும் தேடுங்கள்.

தெற்கில் நிலைமை முற்றிலும் வேறு. தமிழ்நாட்டில் 'போஸ்', 'சுபாஷ்', 'சந்திரபோஸ்' எல்லாம் இடுபெயர்கள், நேதாஜி மீது வைத்த பற்றில் பிள்ளைகளுக்கு இட்டவை. அவர் 1939 செப்டம்பரில் மதுரை வந்ததும், முத்துராமலிங்கத் தேவரின் பார்வர்டு பிளாக் பணியும், மலாயாவிலிருந்து திரும்பிய இந்திய தேசிய ராணுவ வீரர்களும் இந்தப் பெயரை இங்கே ஊன்றின. தமிழ் இசையமைப்பாளர் சந்திரபோஸ், 2023இல் சிறந்த பாடலுக்கான ஆஸ்கரைக் கீரவாணியுடன் பகிர்ந்துகொண்ட தெலுங்குப் பாடலாசிரியர் சந்திரபோஸ் இருவரும் இந்த வகை. 2022 நவம்பரில் மேற்கு வங்க ஆளுநராகப் பொறுப்பேற்ற சி. வி. ஆனந்த போஸும் மலையாளி, வங்காளி இல்லை. 'பாசு'வும் இப்படியே. திரைப்பட இயக்குநர் பாசு சட்டர்ஜிக்கு 'பாசு' முன்பெயர், குடும்பப் பெயர் சட்டர்ஜி.

இந்தியாவுக்கு வெளியேயும் ஒரு எச்சரிக்கை. 18ஆம் நூற்றாண்டில் விட்டன்பெர்க்கில் மின்சார ஆராய்ச்சி செய்த கேயார்க் மத்தியாஸ் போஸ ஜெர்மானியர். லைப்சிக்கில் இசையமைப்பாளர் பாக் பற்றிய ஆவணக் காப்பகம் இருக்கும் போஸ இல்லமும் ஒரு ஜெர்மன் வணிகரின் பெயர். ரோமன் எழுத்தில் நம் போஸும் அதுவும் ஒன்றாகவே தெரியும். 'மின்சாரம் ஆராய்ந்த போஸ்' என்று பழைய நூலில் வந்து, ஆண்டு 1740களாக இருந்தால் அது வங்காளி அல்ல.

இனி நடைமுறை. கையில் ஒரு 'போஸ்' கிடைத்தால் முதலில் முன்னெழுத்துகளை முழுப் பெயராக விரியுங்கள். அது முடியாவிட்டால் ஆண்டையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். டாக்கா என்றால் 1921 முதல் 1945 வரை எஸ். என்., கல்கத்தா பிரசிடென்சி என்றால் 1885க்குப் பின் ஜே. சி., தோக்கியோ என்றால் ராஷ் பிஹாரி, வட கரோலினா என்றால் ஆர். சி. என்று பெரும்பாலானவை இங்கேயே தீர்ந்துவிடும். தீராதவற்றுக்குத் தந்தை பெயரையும் பூர்விக கிராமத்தையும் தேடுங்கள். பிறந்த ஊர் போதாது. அரசு வேலை, ரயில்வே, சமஸ்தானம் என்று தந்தைமார் ஊர் ஊராகப் போனதால் சுபாஷ் ஒரிசாவிலும், நந்தலால் பீகாரிலும், ராஜ் சந்திரர் மத்திய இந்தியாவிலும் பிறந்தார்கள். நூலக அட்டவணையில் போஸ், பாசு, பொசு மூன்று எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். உறவு என்று எழுதுவதற்கு முன், எந்த உறவு என்று ஒரே சொல்லில் சொல்ல முடிகிறதா பாருங்கள்: அண்ணன், தாய்மாமன், சகோதரர் மகன் என்று. 'அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்' என்று மட்டுமே சொல்ல முடிந்தால் அந்தத் தகவலை விட்டுவிடுவது நல்லது.

தமிழில் எழுதும்போது ஒருவரை முதன்முறை குறிப்பிடுகையில் முழுப் பெயரையும் பிறப்பு இறப்பு ஆண்டுகளையும் தாருங்கள். ஒரே கட்டுரையில் இரண்டு போஸ்கள் வந்தால் அடுத்த முறையிலிருந்து ஜகதீஷ், சத்யேந்திரநாத் என்று முன்பெயரால் அழையுங்கள். வங்கத்தில் அது மரியாதைக் குறைவு ஆகாது. பாசு என்று தம்மை எழுதிக்கொண்டவரைப் போஸ் என்று மாற்ற வேண்டாம். பெயரடைவு தயாரிப்பவர்கள் போஸ் என்ற தலைப்பின்கீழ் 'பாசு காண்க' என்றும், பாசுவின்கீழ் 'போஸ் காண்க' என்றும் ஒரு வரி சேர்த்துவிட்டால் ராஜசேகரையும் கிரீந்திரசேகரையும் தேடி வருபவர் இரு சகோதரர்களையும் கண்டுவிடுவார்.